உண்டியலில் விழுந்த ஐபோன்

2024 டிசம்பரில் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலைத் திறந்து கொட்டியபோது, சில்லறைக்கும் நோட்டுக்கும் நடுவே ஒரு ஐபோன் கிடந்தது. காணிக்கை போடும்போது கை தவறி விழுந்துவிட்டது, கொடுத்துவிடுங்கள் என்று சொந்தக்காரர் வந்து நின்றார். உண்டியலில் விழுந்தது எதுவானாலும் சாமி கணக்கு, திருப்பித் தர விதியில் இடமில்லை என்றார்கள். போனுக்குள் இருக்கும் உங்கள் தகவல்களை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நாடு முழுக்கச் சிரிப்பு. மாம்பழம் கைநழுவிப்போன முருகனுக்கு ஆப்பிளாவது கிடைத்ததே என்று நானும் சிரித்தேன்தான்.

சிரித்து ஓய்ந்தபிறகுதான் உறைத்தது. அந்தக் கோயில் அலுவலகம் ஒரே மூச்சில் சொல்லிவிட்ட சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் இன்றுவரை எழுதவில்லை. கருவி வேறு, அதற்குள் இருக்கும் வாழ்க்கை வேறு. கருவி சாமிக்கே போனாலும் உள்ளே இருப்பது ஆசாமிக்கு. டெல்லியில் வீற்றிருக்கும் சாமிகளின் கணக்கோ இதற்கு நேர்மாறு: போனை நீயே வைத்துக்கொள், மாதத் தவணையையும் நீயே கட்டு, உள்ளே இருப்பதை மட்டும் எங்களுக்கு விடு.

நான் இருப்பது திருத்தணியில். ஐந்தாம் படைவீடு. முகூர்த்த நாள் என்றால் மலைமேல் கல்யாணக் கூட்டம். கீழே ஜெராக்ஸ் கடைகளுக்கும் அன்றைக்கு முகூர்த்தம்தான். கல்யாணத்துக்கு ஆதார் நகல், அறை எடுக்க ஆதார் நகல், சிம் வாங்க ஆதார், சீட்டுப் போட ஆதார். முடி காணிக்கை கொடுக்கிறவர் மூன்று மாதத்தில் திரும்ப முளைத்துவிடும் என்ற நம்பிக்கையில் தலையைக் குனிகிறார். ஆதார் எண் முளைக்காது. மங்கலாக விழுந்த நகல்கள் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன என்பது போண்டா மடித்து வரும் தாளைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: எண்ணெய்க்கு அடியில் யாரோ ஒரு அம்மாவின் பிறந்த தேதி.

போண்டாக்காரரை விடுங்கள். அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறார். கோட்டையில் உட்கார்ந்து செய்கிறவர்களைப் பார்ப்போம்.

போனை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் பிறந்தது. 2013 ஜூலையில் தந்தி செத்தது, அதிகாரம் சாகவில்லை. 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு உலவுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்மை அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்காரனே ஏதோ ஒரு வெட்கத்துக்கு வாசலில் இரண்டு படி வைத்திருந்தான். பொது நெருக்கடி நேர்ந்திருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்கு அவசியப்பட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் கம்பியில் காது வைக்கக் கூடாது.

சுதந்திர இந்தியாவின் ஆட்சியாளர்கள் இந்தப் படிகளைத் தாண்டியே போய்க்கொண்டிருந்தார்கள். 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவியையே விட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வெட்கத்துக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பிருந்தது. 1991இல் அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட கதை வெளிவந்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18இல் தீர்ப்பு வந்தது. போன் பேச்சு அந்தரங்கம், கண்டபடி கேட்க முடியாது, உள்துறைச் செயலர்தான் கையெழுத்திட வேண்டும், அந்தக் கையெழுத்தை ஒரு மேலாய்வுக் குழு பார்க்க வேண்டும். எல்லாம் சரி. நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்று கேட்டதை மட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அந்த 'மட்டும்' வழியாகத்தான் இத்தனை வருஷமாக வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டும் என்பது காவல்துறை. கேளுங்கள் என்பது உள்துறைச் செயலர். கேட்டது சரிதானா என்று பார்ப்பது தலைமைச் செயலர், சட்டச் செயலர், கூட இன்னொரு செயலர். ஒரே வளாகம், ஒரே கேன்டீன், ஒரே ஓய்வூதியம். வீட்டுக்குள் வந்தவனை விசாரிக்க அவனுடைய சித்தப்பாவையே நாட்டாமையாகப் போட்டுவிட்டு, சட்டத்தின் ஆட்சி நடக்கிறது என்கிறார்கள்.

நாட்டாமை எப்படி விசாரிக்கிறார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்ட கேள்விக்கு, மத்திய உள்துறை மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாகப் பதில் வந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தன் அறிக்கையில் பெருக்கிப் பார்த்தது: மேலாய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, ஒவ்வொரு கூட்டத்திலும் அதன் மேசையில் 15,000 முதல் 18,000 ஆணைகள். மூன்று பெரியவர்களும் காபி குடிக்காமல், இருமாமல், எட்டு மணி நேரம் தொடர்ந்து பார்த்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடிகூடத் தேறாது. எங்கள் மலையில் டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழா. வருஷத்து நாள்களுக்கு ஒன்றாக 365 படி; படிக்குப் படி நின்று, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடித்தான் பக்தர்கள் அடுத்த படிக்குக் கால் எடுத்து வைப்பார்கள். ஒரு கருங்கல்லுக்கு எங்கள் ஊர்ப் பாட்டி கொடுக்கும் நேரம், ஒரு குடிமகனின் அந்தரங்கத்துக்கு இந்த அரசாங்கத்தில் கிடையாது.

"கேட்டா கேட்டுட்டுப் போறான் விடுங்கண்ணே. என்கிட்ட மறைக்க என்ன இருக்கு? நூல் விலையைத் தவிர வேற என்ன பேசறேன்?" என்று பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

"நூல் விலைதான்டா தம்பி உன் குடுமி. எந்த விலைக்கு நீ இறங்கி வருவேன்னு லுங்கி வாங்க வர்றவனுக்கு முந்தின நாளே தெரிஞ்சா?"

தம்பி தெலுங்கில் ஒரு சொல் சொன்னார். அச்சில் ஏற்ற முடியாது. எங்கள் பக்கத்தில் வாக்கியம் தமிழில் தொடங்கும், கோபம் வந்தால் தெலுங்கில் முடியும். எங்களை ஒட்டுக்கேட்கும் ஊழியருக்கு அரசு இருமொழிப் படி கொடுப்பதுதான் நியாயம்.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 2011 ஆகஸ்ட் 12இல் ஒரு கல்வி நிறுவன நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை ஆணையிட்டது. வருமானவரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் லஞ்சம் என்பது சி.பி.ஐ. வழக்கு. அந்த ஆணையை எதிர்த்து இயக்குநர் உயர் நீதிமன்றம் போனார். 2025 ஜூலை 2இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணையை ரத்து செய்தார். பொது நெருக்கடியும் இல்லை, பொதுப் பாதுகாப்பும் இல்லை. சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்க ரகசியமாகக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கேட்டுப் பதிவு செய்ததை மேலாய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. அந்த இரண்டு விநாடியைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்! அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், பெரிய அளவு ஊழல் என்றால் பொதுப் பாதுகாப்புக்கும் ஆபத்துதான் என்று சொல்லியிருந்தது. சென்னையில் திறக்காத போன் டெல்லியில் திறக்கும்.

லஞ்ச வழக்கில் சிக்கியவருக்கு எதற்கய்யா அந்தரங்கம் என்று கேட்பீர்கள். எனக்கும் அவர்மீது தனிப் பாசம் ஒன்றும் இல்லை. அவருக்கு வழக்கு வந்தது, அதனால் ஒட்டுக்கேட்டது தெரிந்தது, அதனால் நீதிமன்றம் போனார், அதற்கே 14 வருஷம். வழக்கு வராத அப்பாவிக்கு எப்படித் தெரியும்? "ஐயா, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தங்கள் பேச்சைக் கேட்டோம், ஒன்றும் தேறவில்லை, பொறுத்தருள்க" என்று கேட்டு முடித்தபின் ஓர் அஞ்சலட்டை போடச் சொல்லும் விதி இந்த நாட்டில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவேடுகளை அழித்துவிட வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. அந்தரங்கத்தைக் காக்கத்தானாம். யாருடைய அந்தரங்கத்தை என்று அதில் எழுதவில்லை.

அழிப்பதில் ஐதராபாத்துக்காரர்கள் இன்னும் சுறுசுறுப்பு. 2023 டிசம்பர் 3இல் தெலங்கானாவில் ஓட்டு எண்ணிக்கை, ஆட்சி மாற்றம். மறுநாளே மாநில உளவுப் பிரிவில் ஹார்டு டிஸ்குகள் நாசமாக்கப்பட்டன என்பது அங்கே போடப்பட்ட வழக்கு. மாவோயிஸ்டுகளைக் கண்காணிக்க வைத்த கருவிகளை எதிர்க்கட்சிக்காரர்கள்மீது திருப்பினார்கள் என்று குற்றச்சாட்டு. போலீஸ் அதிகாரிகளே கைதானார்கள். தீர்ப்பு வரட்டும், பார்ப்போம். ஆட்சி மாறாதிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்பதற்குத் தீர்ப்பு தேவையில்லை.

இவ்வளவும் பேச்சுக்கு. போனிலும் கணினியிலும் சேமித்து வைத்திருப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இருக்கிறது. அதன் இன்றைய வடிவம் 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், விவாதமே இல்லாமல் நிறைவேறியது. வெள்ளைக்காரன் வைத்த இரண்டு படியும் இதில் கிடையாது. ஏதாவது ஒரு குற்றத்தை விசாரிக்கிறோம் என்று சொன்னால் போதும். பூட்டைத் திறந்து தர மறுத்தால் ஏழு வருஷம் வரை சிறை. 2018 டிசம்பர் 20இல் பத்து அமைப்புகளின் பெயரை வரிசையாக எழுதி, எந்தக் கணினிக்குள்ளும் நுழைய இவர்களுக்கு அதிகாரம் என்று உள்துறை அறிவித்தது.

வெளிநாட்டில் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1986இல் மின்னணுத் தொடர்புகளின் அந்தரங்கத்துக்கென்றே சட்டம் போட்டார்கள். சர்வரில் 180 நாளுக்கு மேல் கிடக்கும் மின்னஞ்சலை நீதிமன்ற வாரண்ட் இல்லாமலே வாங்கலாம் என்று அதில் ஒரு விதி. அத்தனை நாள் எடுக்காத கடிதத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டார்களாம். இடத்துக்குக் காசு கொடுத்த காலத்துக் கணக்கு அது. ஆனால் அங்கே 2010இல் ஒரு நீதிமன்றம், அஞ்சலுக்கு வாரண்ட் வேண்டும் என்று எழுந்து நின்றது. வாரண்ட் என்றால் நீதிபதியின் கையெழுத்து. நாம் கேட்பதும் அதுதான்: கேட்பதற்கு முன் ஒரு நீதிபதி, கேட்டபின் எனக்கு ஒரு கடிதம்.

கடிதம் என்றதும் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில். குடியரசுத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப் என்று யாராவது சொன்னால் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். அந்த நாற்காலியில் ஜெயில் சிங் ஒரு நல்ல காரியம் செய்தார். கடிதங்களைப் பிரித்துப் படிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்து 1986இல் வந்த அஞ்சல் திருத்த மசோதாவில் கையெழுத்துப் போடாமல் மேல்துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்து வந்த தமிழ்நாட்டுக்காரர் ஆர். வெங்கட்ராமன் அதை 1990இல் நாடாளுமன்றத்துக்கே திருப்பியனுப்பினார். 2002இல் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு குடியரசுத் தலைவர்கள் தடுத்ததை 2023இல் புது அஞ்சல் அலுவலகச் சட்டமாகக் கொண்டுவந்து, ஒன்பதாம் பிரிவில் அதிகாரத்தை வைத்து, 2024 ஜூனில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இந்த முறை யாருடைய துண்டும் குறுக்கே வரவில்லை.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இன்னொரு கூத்து. இனி விற்கும் எல்லா போனிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலி முன்கூட்டியே இருக்க வேண்டும், அதை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை போன் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது தெரியவந்தது. ஊர் கூடிக் கத்தியதும், டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கத்தான் கொண்டுவந்தோம் என்றார்கள். திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? என் வீட்டில் திருடன் வந்தால் பிடிக்க வசதியாக இருக்கும் என்று என் படுக்கையறையில் ஏட்டையாவை நிரந்தரமாகக் குடிவைப்பீர்களா?

இனி தனியார். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. மூன்று கோடிப் பேருக்கு மேல், 7.24 டெராபைட் என்பது திருடன் சொன்ன கணக்கு. முகவரி, வருமானவரி எண், மருத்துவ அறிக்கை எல்லாம் அதில். என்ன வியாதி, என்ன ஆபரேஷன், எவ்வளவு பில். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போய் டெலிகிராமுக்கும் ஹேக்கருக்கும் தடை வாங்கியது. ஹேக்கருக்குத் தடை உத்தரவு! அவர் நடுங்கிப்போய் வக்காலத்து போட்டிருப்பார் என்று நம்புவோம்.

1960 ஏப்ரல் 1இல்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காக அலைந்த அலைச்சலும், ஜனங்கள் சிறைக்குப் போனதும் இங்கே இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. ஒரு தாலுகாவின் ஏரியும் மேடும் எந்தப் பக்கம் என்பதற்கு அவ்வளவு சண்டை போட்ட ஊர்க்காரர்களுடைய சிறுநீரகக் கல், சர்க்கரை அளவு, கருச்சிதைவு எல்லாம் எந்தத் தேசத்து சர்வரில் கிடக்கிறது என்று கேட்க நாதியில்லை.

சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது. தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24இல். அதற்கு ஆறு வருஷம் கழித்து ஆகஸ்ட் 7இல் மக்களவை, 9இல் மாநிலங்களவை, 11இல் கையெழுத்து. இந்தச் சட்டத்தில் தரவைத் தொலைத்த நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம் உண்டு. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறதா? அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும். தொலைத்தது என் வியாதி, காசு உங்கள் கல்லாவுக்கு. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கேட்கப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அதையும் எடுத்துவிட இதே சட்டத்தில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அப்படியானால் பாதிக்கப்பட்டவருக்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது. அற்பமான புகார் கொடுத்ததாகத் தெரிந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் அவருக்கும் உண்டு. அரசு அமைப்புகளுக்கோ 17ஆம் பிரிவு என்ற குடை இருக்கிறது. எந்த அமைப்பைச் சட்டத்திலிருந்து விலக்க வேண்டுமோ, அதன் பெயரை மத்திய அரசே அறிவித்துக்கொள்ளலாம்.

2023இல் கையெழுத்தான சட்டத்துக்கு விதிகள் வந்தது 2025 நவம்பர் 14இல். எந்தப் பிரிவு எப்போது அமலாகும் என்று ஓர் அட்டவணையும் கூடவே வந்தது. அதை எழுதிய கையை நான் பாராட்டுகிறேன், அவ்வளவு நேர்மையாகத் தங்கள் மனசை எந்த அரசாணையும் காட்டியதில்லை. என் தரவைக் காக்கும் பிரிவுகள், என்னிடம் ஒப்புதல் கேட்க வேண்டிய பிரிவுகள், அழி என்று நான் சொல்லும் உரிமை எல்லாம் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கழுத்தை நெரிக்கும் 44(3)ஓ அன்றைக்கே, அந்த நிமிஷமே. முன்பு தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுக் காரியத்தோடு தொடர்பிருந்தால், பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்ற இரண்டு சொல்லோடு பிரிவு முடிந்துவிடுகிறது. பொதுநலனுக்கு அதே சட்டத்தின் 8(2) இன்னும் இருக்கிறதே என்று அமைச்சர்கள் சமாதானம் சொல்கிறார்கள். கொடுக்கலாம் என்று அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட வழி அது. விரும்பிக் கொடுத்த அதிகாரி யாரையாவது தாலுகா ஆபீஸ் பக்கம் பார்த்திருக்கிறீர்களா?

நாளைக்கு ஒருவர் நந்தியாற்றங்கரையில் மண் அள்ள யாருக்கு உரிமம், எத்தனை லோடு, எந்த அதிகாரி கையெழுத்து என்று பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடுவார். முப்பது நாள் கழித்து, கேட்ட விவரம் தனிநபர் தகவல், வெளியிட இயலாது என்று முத்திரை குத்தின தாள் வரும். மனுவின் மேல்பக்கத்தில் அவருடைய பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கும். பதில் அவர் கைக்கு வரும் முன்பே, மாலை ஏழு மணிக்கு ஒப்பந்தக்காரர் அந்த நம்பருக்கு போன் செய்து, "சார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்திருப்பார்.